வெள்ளம் வருகிறது என்றேன்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்குப் பொய் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் இன்ஸ்பெக்டர் மேடம். முதலாளி வீட்டு ஆட்கள் பின்பக்க ஓடையில் குளிக்க வந்தால், தங்கியிருப்பவர்களிடம் "மேல வெள்ளம் வருது, இறங்காதீங்க" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். எம்.காம். படித்துக் கிடைத்த வேலை இது.

பால்வண்ணநாதன் அண்ணாச்சியிடம் மட்டும் அந்தப் பொய் செல்லாது. மூணு சீட்டில் அவரை ஜெயித்தவன் தென்காசி வட்டாரத்தில் கிடையாது. தன் சீட்டைத் தொடக்கூட மாட்டார். எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவன் எச்சில் விழுங்குகிற விதத்தை வைத்தே அவன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனி பிறந்தால் எங்கள் லாட்ஜில் தங்க வந்துவிடுவார், ஆடி முடியத்தான் கிளம்புவார்.

போன மாதம் நான் அந்தப் பொய்யைச் சொன்னதும் சிரித்தார். "ஏட்டி ஷெர்லின், பொய் சொல்லணும்னா மொதல்ல பேனாவ மூடிருதே. பொறவுதான் வாயத் தொறக்கே. மொதலாளி வீட்டு ஆளு வந்திருக்கு, அதான?"

அதுவரை யாரும் என்னை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாரல் விடாத ஒரு மத்தியானம் அண்ணாச்சிக்கும் அவரோடு ஆடுகிறவர்களுக்கும் சீட்டு அலுத்துப்போனது. ரிசப்ஷனுக்கு வந்து என்னை வைத்து விளையாடினார்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். உண்மையா பொய்யா என்று அண்ணாச்சி தீர்ப்பு சொல்வார். எம்.காம். படித்தவள் சீட்டுக்கட்டுக்குப் பதிலாகக் கிடந்தேன்.

"நம்ம ஜோயலப் பிடிக்குமா?" என்றார் ஒருவர்.

ஜோயல் எங்கள் கணக்கன். இலஞ்சியிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவன். நாள் முழுக்க நான் வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள். அவனும் அங்கேதான் நின்றான்.

"இல்ல" என்றேன். கை பேனாவை மூடியிருந்தது.

"பச்சப் பொய்" என்றார் அண்ணாச்சி.

"ஏலே ஜோயலு, மால வாங்கிட்டு வாலே!" என்று இன்னொருவர் கத்தினார்.

எல்லோரையும்விட ஜோயல்தான் அதிகமாகச் சிரித்தான். மறுநாள் முதல் அவன் எனக்கு முந்தின பஸ்ஸில் போக ஆரம்பித்தான்.

அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை எஸ்டேட் வாட்சர் போன் செய்தார். "மலையில கொட்டித் தீக்குதும்மா. ஓடைக்கு ஒருத்தரையும் விட்ராத."

போனை வைத்தபோது அண்ணாச்சி உடம்பெல்லாம் எண்ணெயும் தோளில் துண்டுமாக வந்தார். பேனாவை மூடினேன். மெதுவாக, அவர் கண்ணில் படும்படி.

"அண்ணாச்சி, மேல வெள்ளம் வருது. இறங்காதீங்க."

என் கையைப் பார்த்தார். "நீ திருந்தவே மாட்டே" என்று சிரித்துக்கொண்டே பின்வாசல் வழியாகப் போனார்.

மற்ற அறைகளுக்கும் போன் போட்டு அதையே சொன்னேன். ஒருவரும் இறங்கவில்லை. அண்ணாச்சி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார். ஓடையின் சத்தம் மாறும்வரை உட்கார்ந்திருந்தேன். மாறிய பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

ரிசப்ஷன் கேமராவில் நான் எச்சரித்தது இருக்கிறது. நீங்களும் பார்த்துவிட்டு, "உன் மேல தப்பில்லம்மா, வீட்டுக்குப் போ" என்றீர்கள். அவராக இருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். உங்களுக்கு நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சாக வேண்டும் என்றுதான் உண்மையைச் சொன்னேன்.

மற்றபடி, அவர் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, என் முகத்தைக் கொஞ்சம் பார்த்து, இது உண்மையா பொய்யா என்று சொல்லுங்கள் மேடம்.