தணிகாசலம் கட்டிய ஒன்பதடி விமானம்

தணிகாசலம் அவர்களின் இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நம் மாதிரி விமானக் கழகத்தின் உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் அவருடைய துணைவியார் கிருஷ்ணவேணி அம்மா அவர்களே! அம்ருதவல்லி பராங்குசத்தின் வணக்கம். ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். மணி அடிக்கும் முன் முடித்துப் பழக்கம். இன்று அப்படி முடிக்கப் போவதில்லை. தலைவர் மன்னிக்க வேண்டும்.

தணிகாசலம் அவர்களை இந்த ஊர் எப்படி அறியும்? பிள்ளையார்பாளையத்தில் டிசைன் கிராஃப் எழுதுபவராக அறியும். முந்தானையில் ஒரு யாளி வர வேண்டுமென்றால், எந்த நூல் மேலே எழ வேண்டும், எந்த நூல் கீழே போக வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்பித் தரும் கை அவருடையது. உங்களில் எத்தனையோ பேர் வீட்டுக் கல்யாணப் புடவை அவர் தாளில் பிறந்தது. அந்தக் கை ஒரு போர் விமானத்தைப் பெற்றெடுத்தது என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்?

என் கணவர் பராங்குசம் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவர் காலமான பிறகு தலைவர் பொறுப்பு என்னிடம் வந்தது. அவருடைய அலமாரியில் ஒரு சின்ன வரைபடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ என்ற இரட்டை என்ஜின் விமானம். அசலே மரத்தால் ஆனது. வரைபடத்தில் றெக்கையின் நீளம் நுனிக்கு நுனி இருபத்தேழு அங்குலம். தொண்ணூற்று எட்டாம் வருடம் நம் கழக உறுப்பினர் தணிகாசலம் அதை என் முன்னால் விரித்து வைத்தார்.

"இத நாலு மடங்கு பெருசாக்கிடலாம்மா."

"நான்கு மடங்கென்றால் ஒன்பது அடி, தணிகாசலம்."

"ஆமாம்மா. ஒம்போது அடி. ரெண்டு பெட்ரோல் என்ஜின். ரேடியோவுல ஓட்டிடலாம்."

கிருஷ்ணவேணி அம்மா அப்போது கூட வந்திருந்தார். "பேரு என்னா சொன்ன?" என்று கேட்டார். "மஸ்கிட்டோ. கொசு," என்றார் தணிகாசலம். "ஒம்போது அடிக்குக் கொசுவா? இருக்கற கொசுவே தாங்கல. இதுக்கு வலை எங்கய்யா வாங்கறது?" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் நான் ஆசிரியை ஆனேன். நீளத்தை நான்கு மடங்காக்கினால் றெக்கையின் பரப்பு பதினாறு மடங்காகும். ஆனால் மரத்தின் எடை அறுபத்து நான்கு மடங்காகும். அதாவது றெக்கையின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிட நான்கு மடங்கு சுமக்க வேண்டும். இதைச் சொன்னால் மனிதர் ஆசையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அப்போ மரத்த ஒல்லியாக்கணும். எங்க வேலையே நூல ஒல்லியாக்கி பலமாக்கறதுதானம்மா."

ஒல்லியாக்கினார்! றெக்கைக்குள் வரும் விலா எலும்பு என்கிற ஒவ்வொரு மரச் சட்டத்திலும் துளை துளையாக மரத்தைக் குடைந்து எடுத்தார். ஒவ்வொரு துண்டையும் ஜரிகை நிறுக்கும் தராசில் வைத்தார். அரை கிராம் கூடினாலும் மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தங்கத்தைக்கூட அவ்வளவு நேர்மையாக நிறுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள்.

சின்ன வரைபடத்தின் மேல் பென்சிலால் சதுரக் கட்டம் போட்டார். அங்குலத்துக்கு எட்டுக் கட்டம். அதில் ஒரு கட்டத்துக்குப் பெரிய தாளில் பக்கத்துக்கு நான்கு கட்டம் என்று எண்ணி எண்ணி வரைந்தார். பெரிய தாள் எது? அவர் வீட்டில் சுருள் சுருளாகக் கிடந்த டிசைன் கிராஃப் தாள். மொத்தம் முப்பத்தொரு தாள்கள். அத்தனையும் என் மேஜைக்கு வந்தன. நான் எண்ணினேன். றெக்கை நுனிக்கு நுனி எண்ணூற்று அறுபத்து நான்கு கட்டம். சரி. உடலோடு சேரும் இடத்தில் றெக்கையின் அகலம் இருநூறு கட்டம். சரி. இரண்டு முறை எண்ணி, ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையால் சரிக்குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து, முனுசாமியின் தச்சுப் பட்டறையில் றெக்கையை உடலோடு பொருத்தும் நாள் வந்தது. கழகமே கூடியிருந்தது. உடலில் றெக்கைக்கென்று விட்டிருந்த இடம் இருபத்தைந்து அங்குலம். றெக்கையின் அகலம் இருபது. ஐந்து அங்குலம் ஆவென்று திறந்திருந்தது!

"என்னாபா இது," என்றார் முனுசாமி. "சட்டை பெருசா தெச்சுட்டு ஆள சின்னதா பெத்துக்கினு வந்திருக்க?"

நெசவு தெரிந்தவர்கள் இந்நேரம் புரிந்துகொண்டிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நெருக்கம் வேறு, குறுக்கே ஓடும் ஊடை நூலின் நெருக்கம் வேறு. அதனால் டிசைன் தாளில் ஓர் அங்குலத்துக்குக் குறுக்கே எட்டுக் கட்டமும் நெடுக்கே பத்துக் கட்டமும் இருக்கும். கட்டம் சதுரமே அல்ல! புடவைக்கு அது சரி. அங்கே யாரும் அளப்பதில்லை, எண்ணுவார்கள். விமானத்துக்கு? குறுக்கே எண்ணிய அளவெல்லாம் சரியாக வந்தது. நெடுக்கே எண்ணியதெல்லாம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. றெக்கையின் அகலம் மட்டுமல்ல, உடலின் உயரமும் குறைந்து தட்டையாகியிருந்தது. எண்ணிக்கையிலேயே வளர்ந்த ஒருவர் அந்தத் தாளை எடுத்தார் என்றால் எனக்குப் புரிகிறது. அதே தாளில் ஓர் அடிக்கோலை வைத்துப் பார்க்காமல் சரிக்குறி போட்டாளே ஒரு கணக்கு டீச்சர், அவளை என்ன சொல்வது? நான் படித்த கான்வென்ட்டில், அளந்து பார்க்காத விடைக்குப் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டார்கள்.

முனுசாமி நல்ல மனதோடுதான் ஒரு வழி சொன்னார். "அஞ்சு அங்குலம்தானே. முன்ன ரெண்டு, பின்ன மூணு கட்டை வெச்சு அடைச்சு பெயிண்ட் அடிச்சிடலாம். எவனுக்குத் தெரியப் போவுது?"

"மேல போனா அதுக்குத் தெரியும்பா," என்றார் தணிகாசலம்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். எட்டு மாத உழைப்பும், எல்லோரும் சேர்ந்து வாங்கிய மரமும் பாழாகிவிட்ட கோபம் கூட்டத்தில் இருந்தது. "வரைபடத்த யாரு சரி பார்த்தது?" என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தணிகாசலம் முந்திக்கொண்டார். "டீச்சரம்மா பார்த்தது வேற நகல்பா. அது சரியாத்தான் இருந்தது. நான்தான் அப்புறம் தப்பான தாள்ல மாத்தி வரைஞ்சிட்டேன்."

பொய். முழுப் பொய். நான் அதை மறுத்திருக்க வேண்டும். அத்தனை முகங்களும் என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தன. நான் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் கழகம் ஒரு தீர்மானம் போட்டது. "திரு. தணிகாசலத்தின் கவனக்குறைவால் விமானம் வீணானது. இனி அவருடைய வரைபடம் எதையும் வெளியார் சரிபார்க்காமல் ஏற்பதில்லை." அந்தத் தீர்மானத்தின் கீழே தலைவர் என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பழைய றெக்கையை அக்கு அக்காகப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே பதில் சொன்னார். "உங்க பேச்சுக்கு ஊர்ல ஒரு மதிப்பு இருக்குது. அது இருந்தாத்தான் கழகம் நிக்கும். ஒரு தப்புக்கு ஒரு ஆள் போதும்மா. எதுக்கு ரெண்டு?" நான் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

அவரோ, அவமானத்தைச் சுமந்துகொண்டே வேலையைத் தொடர்ந்தார்! ஒரு விலா எலும்பைக்கூடப் பழைய விமானத்திலிருந்து எடுக்கவில்லை. புதிய தாள், புதிய மரம், பதினான்கு மாதம். தீர்மானப்படி ஏனாத்தூர்க் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் ஒவ்வொரு தாளையும் எடுத்துப்போய், மாணவனைப் போல் நின்று ஒப்புதல் வாங்கி வந்தார். ஒரு நாளாவது முகம் சுளித்தாரா? இல்லை!

இரண்டாயிரமாவது வருடம், மே மாதம், ஏனாத்தூருக்கு அப்பால் வற்றிக் கிடந்த ஏரியில் அது பறந்தது. அன்று இருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இரண்டு என்ஜின்களும் ஒரே சுருதியில் சேர்ந்தபோது தரை அதிர்ந்ததே, நினைவிருக்கிறதா? பதினெட்டுக் கிலோ மரமும் இரும்பும் ஏரி மண்ணை விட்டு எழுந்ததைப் பார்த்தோமே! நான் கை கூப்பியிருந்தேன். எப்போது கூப்பினேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது சுற்றில் இடது என்ஜின் நின்றுவிட்டது.

இரட்டை என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றால், ஓடுகிற என்ஜின் அதை மறுபக்கம் இழுத்துச் சுழற்றிக் கீழே தள்ளிவிடும். "போச்சுடா!" என்று தலையில் கை வைத்தார் முனுசாமி. தணிகாசலம் கண்ணை எடுக்கவில்லை. ஓடுகிற என்ஜினை மெல்லக் குறைத்தார். மூக்கைத் தாழ்த்தினார். "றெக்கை பெருசுபா. தாங்கும்," என்றார், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. தாங்கியது! காற்றில் வழுக்கிக்கொண்டே வந்து, ஒரு கீறலும் இல்லாமல் மண்ணைத் தொட்டது. இருபது அங்குல றெக்கையைக் கட்டை வைத்து அடைத்திருந்தால் அது அன்று விழுந்திருக்கும். என் சரிக்குறி அதை வீழ்த்தியிருக்கும். அவருடைய பிடிவாதம் அதைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அந்தத் தீர்மானம் அப்படியே இருந்தது. அதை நீக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் நீக்கவில்லை.

போன புதன்கிழமை கிருஷ்ணவேணி அம்மா ஒரு கட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். "இத உங்க கையில குடுத்து கிழிச்சிட சொன்னாரு. வேற யாரும் பார்க்கக் கூடாதுன்னாரு," என்றார். முப்பத்தொரு தாள்கள். ஒவ்வொன்றிலும் என் சரிக்குறி, என் கையெழுத்து, தேதி. சாகும் தறுவாயிலும் என் பெயரைக் காப்பாற்ற நினைத்த மனிதரை நான் எந்த வார்த்தையால் புகழ்வது?

நான் அவற்றைக் கிழிக்கவில்லை. இதோ, இந்த மேடையின் மேஜை மேல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அவர் தொடங்கிவைத்த அடுத்த விமானம் பன்னிரண்டு அடி. அதுவும் இரட்டை என்ஜின். பாதி வரைந்திருக்கிறார். மீதியை நாம் வரைவோம், கட்டுவோம், பறக்க விடுவோம். அதன் தாள்களை என் வீட்டு மேஜையில் அல்ல, கழகச் சுவரில் ஒட்டுவோம். கோல் பிடிக்கத் தெரிந்த எவரும் அளந்து பார்த்துத் தவறைச் சொல்லட்டும். என்னிடமும் சொல்லட்டும். இது நான் உங்கள் முன் தரும் உறுதி.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. செயலாளரே, தீர்மானப் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறீர்களா? பழைய வரியை அடிக்க வேண்டாம். அது இருக்கட்டும், நாம் என்ன செய்தோம் என்பது தெரிய வேண்டும். அதன் கீழே நான் சொல்வதை எழுதுங்கள். "வரைபடத்தைச் சரி பார்த்தது அம்ருதவல்லி பராங்குசம். அளக்காமல் சரி என்று சொன்னது அவர். தணிகாசலம் அவர்களின் மேல் சுமத்திய தீர்மானத்தைக் கழகம் திரும்பப் பெறுகிறது."

எழுதிவிட்டீர்களா? கிருஷ்ணவேணி அம்மா, நீங்கள் மேலே வாருங்கள். முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள். சரி என்று நீங்கள் சொன்ன பிறகு நான் கையெழுத்துப் போடுகிறேன்.