தொய்ந்த கயிறு

குப்பை நாறுவதெல்லாம் முதல் வாரம்தான். அப்புறம் மூக்கு சமாதானமாகிவிடும். மனைவி போன பிறகு வீட்டில் எந்த வாசனையும் இல்லாமல் போனதற்குத்தான் என் மூக்கு சமாதானமாகவில்லை.

நகராட்சிக் குப்பை மேட்டில் நான் மேற்பார்வையாளன். மனைவியின் தம்பி அங்கே புல்டோசர் ஓட்டினான். அவள் இறந்த பின், வேலை முடிந்ததும் என்னோடு வீட்டுக்கு வருவான். நான் சமைப்பேன். "நீங்க சமைச்சதை மேட்டுல கொட்டினா காக்காகூட வராது மாமா" என்பான். இரண்டாம் முறையும் வாங்கிக்கொள்வான். அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்பது அந்த ஒரு வேளைதான்.

மழைக்குப் பிறகு மேட்டின் உச்சியில் வெடிப்பு விட்டது. இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெடிப்பின் இரு பக்கமும் குச்சி அடித்து, நடுவே கயிற்றைத் தொய்வாகக் கட்டுவோம். வெடிப்பு அகன்றால் கயிறு விறைக்கும். விறைத்தால் வேலையை நிறுத்தி, அடிவாரக் குடிசைகளில் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும்.

கயிற்றைப் பார்க்காமல் அவன் வண்டியில் ஏறமாட்டான். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: "கயிறு விறைச்சா மேட்டை மூடிடுவாங்க மாமா. நான் வேற ஊருக்கு வண்டி ஓட்டப் போயிடுவேன். நீங்களே சமைச்சு நீங்களே சாப்பிடுங்க, அதுதான் உங்களுக்குத் தண்டனை." சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை கயிறு விறைத்திருந்தது. கீழ்ப்பக்கத்துக் குச்சியைப் பிடுங்கி, வெடிப்புக்கு அருகில் அடித்தேன். பழைய குழியைக் காலால் மூடினேன். கயிறு தொய்ந்தது. அதன் பிறகு தினமும் அவன் வருமுன் இதைச் செய்தேன்.

ஆபத்து எனக்குப் புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். மேடு சரியலாம், சரியாமலும் போகலாம். மூடினால் அவன் போவது நிச்சயம். நிச்சயமானதைத்தானே முதலில் தடுக்க வேண்டும்? குடிசைகளில் குப்பை பொறுக்குபவர்கள் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அவர்களுக்கு ஒருவருக்கொருவர் துணை இருந்தது.

கடைசிக் காலையில் அவன் கயிற்றை விரலால் தட்டிப் பார்த்தான். "தொய்வாத்தான் இருக்கு மாமா" என்று வண்டியில் ஏறினான். மேடு அவனையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்க் குடிசைகளின் மேல் இறங்கியது.

விசாரணையில் மழைதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். மழையின் மேல் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குச்சியை நகர்த்தியது நான்தான்.

அவனை அவன் அக்காவின் பக்கத்திலேயே புதைத்தோம். சாயங்காலமானால் அங்கே போய் உட்காருகிறேன். வேறு ஊருக்குப் போயிருந்தால் இப்படித் தினமும் பார்க்க முடியுமா?