பேர் பிடுங்குன சட்டை

பரவாயில்லக்கா, நல்லா சாஞ்சுக்கங்க. நசுங்காது. நசுங்குனாலும் திரும்ப உப்பிக்கும், உள்ள பூரா வாத்து எறகு. இல்லல்ல, தலகாணி இல்ல, சட்டை. குளிருக்குப் போடுற ஜாக்கெட்டு. பை பத்தாம கயித்தப் போட்டுக் கட்டியிருக்கேன். ஹட்டன்ல ஏறுறப்பவே கண்டக்டர் தம்பி கேட்டாரு, இதுக்கும் ஒரு டிக்கெட் போடவான்னு.

மஸ்கெலியாவுக்கா போறீங்க? மக வீட்டுக்கா, சரி சரி. நான் அதுக்கு முன்னாடியே எறங்கணும், முனியாண்டி கோயில் வளைவுல. கோயிலுக்கு இல்லக்கா. கழுத்துல சிலுவையப் பாத்தாத் தெரியலையா, நாங்க வேதக்காரங்க. எம் பேரு பெற்றீசியா. மகனை ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே வந்து ஏறிட்டேன். அங்கன ஒருத்தவங்களப் பாக்கணும்.

இதப் பாக்கணுமா? இருங்க, கொஞ்சம் தொறந்து காட்டுறேன். கலர் கண்ணக் குத்துதுல்ல? ஐஸ் மேல ஆள் விழுந்து கெடந்தா மேல பறந்து போறவனுக்குத் தெரியணுமாம், அதுக்குத்தான் இந்தச் செம்மஞ்சள். ஒலகத்துக்கு அடியில, தெக்கு முனையில, ஐஸ் மட்டும்தான் இருக்காம். அங்கன போயி ஆராய்ச்சி பண்றவங்க, அவங்களுக்குச் சமைக்கிறவங்க, மிசின் ஓட்டுறவங்க எல்லாருக்கும் இந்தச் சட்டைதான். சிரிக்காதீங்க, நெசமாத்தான். நாங்க தச்சதுக்கா. கினிகத்தேனைப் பக்கம் ஒரு கார்மெண்ட்ல ஆறு வருசம் இருந்தேன்.

இந்த ஜிப்பைப் பாருங்க, இழுக்குற வாரு எம்புட்டு நீளம். ஒண்ணு மேல ஒண்ணா கையுறை போட்டிருப்பாங்களாம், வெரலு வளையாது, அதான். ஜிப்புக்குப் பின்னால இன்னொரு மடிப்பு, காத்து நுழையாம. கட்டம் கட்டமா இருக்குல்ல, ஒவ்வொரு கட்டத்துக்கும் எறகு நிறுத்துப் போடணும். ஒரு கட்டத்துல கொறஞ்சாலும் அந்த எடத்துல குளிரு பூந்துரும், மனுசன் வெறைச்சுப் போயிருவான்னு சூப்பர்வைசர் மிஸ் சொல்லுவாங்க. ஒரு நா போன்ல வீடியோ காட்டுனாங்க. ஒருத்தன் கொதிக்கிற தண்ணிய மேல வீசுறான், அது கீழ விழுகவே இல்ல, பொகையாப் போயிருச்சு. அன்னைக்கு எங்க யாருக்கும் சோறு எறங்கல. எங்க அம்மா அந்நேரம் மழையில இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கு. அத நெனைக்கல, முன்ன பின்ன தெரியாத எவனுக்கோ உருகுனோம். என்னத்தச் சொல்ல.

எறகு நிறுத்துப் போட்டது வீரம்மா அக்கா. அவங்களப் பாக்கத்தான் போறேன். நெத்தியில மூணு பட்டை போடாம வேலைக்கு வராது. தும்முனா எறகு பறந்துரும்னு நாளெல்லாம் மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டு இருக்கும், அந்த நெத்தி மட்டும் தெரியும். நான் பேர் தைக்கிற மிசின்ல. அங்க போறவங்க பேரு எழுதுன துண்ட நெஞ்சுப் பை மூடி மேல வச்சுத் தைக்கணும். எல்லாரும் ஒரே மாதிரி மூடிக்கிட்டு நின்னா ஆளு அடையாளம் தெரியாதுல்ல. வாயிலயே நுழையாத பேரா வரும்.

நல்லாத்தான் போச்சு. அப்புறம் கெட்டுப் போச்சுக்கா. எவளோ ஒருத்தி ஒரு சட்டையோட நெஞ்சுப் பையில துண்ணூறுப் பொட்டலத்த வச்சுட்டா. ஆமா, கோயில் துண்ணூறுதான், காலண்டர் தாள்ல மடிச்சது. போற மனுசன் பத்தரமாத் திரும்பி வரணும்னு வச்சிருப்பா, வேற என்ன. நம்மாளுக செய்றதுதானே. புது லொறியில வைக்கிறோம், பரீட்சைக்குப் போற பிள்ளை பையில வைக்கிறோம். பெட்டி கட்டுறதுக்கு முன்னால ஊசி முனை ஒடைஞ்சு உள்ள கெடக்கான்னு ஒரு மிசின் பாக்கும். துண்ணூறு அதுக்குத் தெரியுமா?

ஆர்டர் குடுத்த நாட்டுல பெட்டியப் பிரிச்சவன் பையில கையை விட்டிருக்கான். வெள்ளைத் தூள். அவங்களுக்கு வெள்ளைத் தூளுன்னா விசம். கட்டடத்தையே மூடி, ஆளுகள வெளிய நிப்பாட்டி, எடுத்துட்டுப் போயி சோதிச்சாங்களாம். மாட்டுச் சாணிச் சாம்பல்னு வந்துச்சாம். சிரிப்பு வருதுல்ல? எங்களுக்கும் மொத சிரிப்புத்தான் வந்துச்சு. மொத்த ஆர்டரும் வேணாம்னு திருப்பி அனுப்புனப்பத்தான் வாய மூடுனோம்.

போட்டோவும் வந்துச்சு. தாள்ல தமிழ் எழுத்து. சட்டையில கிளைவ்னு பேரு. மேனேஜர் சேர் எங்க லைன்ல இருந்த தமிழ்ப் பிள்ளைக பதினோரு பேரையும் வரிசையா நிக்க வச்சாரு. வச்சது யாருன்னு சொல்லுங்க, இல்லாட்டி பதினோரு பேரும் வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு. எல்லாக் கண்ணும் வீரம்மா அக்கா நெத்தியத்தான் பாத்துச்சு. அக்கா ஒரு தடவ எல்லாரையும் பாத்துச்சு. அப்புறம், நான்தான் வச்சேன் சேர்னு சொல்லிருச்சு. அம்புட்டுத்தான். அன்னைக்கே கடுதாசியில கையெழுத்து வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. போறப்ப என் மிசின்கிட்ட நின்னு, மகன் இப்ப நல்லா இருக்கானான்னு கேட்டுட்டுப் போச்சு.

இப்ப இங்கன ஒரு தோட்டத்துல கொழுந்து எடுக்குது. அம்பது வயசுக்கு மேல மறுபடியும் கூடையத் தூக்கிருச்சு. மழையில நனைஞ்சு நனைஞ்சு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னு கேள்வி.

சட்டையா? திரும்பி வந்ததுல பேர மட்டும் பிடுங்கிட்டு வித்துட்டாங்க போல. போன மாசம் நுவரெலியாவுல ரோட்டோரத்துக் கடையில தொங்குது. பாத்த ஒடனே காலு நின்னுருச்சு. இந்த மூடியத் தொட்டுப் பாருங்க, சதுரமா ஊசி ஓட்டை இருக்கா? அது என் தையல். எவரு பேரு இருந்துச்சோ தெரியல. அக்காவுக்குக் குடுக்கலாம்னு வாங்கிட்டேன். நம்ம குளிருக்கு இது ரொம்ப ஜாஸ்தி, போட்டா வெந்து போயிரும், என்னையத் திட்டும். திட்டட்டும். திட்டுனா நல்லா இருக்கும்.

என்னக்கா? நெசமா வீரம்மா அக்காதான் வச்சுச்சாவா?

இல்லக்கா. வச்சது யாருன்னு அதுக்குத் தெரியும். அது குடுத்த துண்ணூறுதானே. அந்தச் சட்டை தைக்கிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால எம் மகனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி மருந்துக்கும் எறங்கல. அக்காதான் இந்த முனியாண்டி கோயில்ல வாங்கி மடிச்சுக் குடுத்துச்சு, ஃபாதர்கிட்ட சொல்லிராதடின்னு சிரிச்சுக்கிட்டே. பூசி விட்டேன். விடியறப்ப வேர்த்து எறங்கிருச்சு. மிச்சம் என் கைப்பையில கெடந்துச்சு. மறுநா மிசின்ல ஒக்காந்தா, வாயில நுழையாத பேருகளுக்கு நடுவுல ஒரு பேரு நல்லா நுழையுது. எம் மகன் பேரும் கிளைவ்தாங்க்கா.

சிலுவை போட்டவள யாரு கேப்பா. யாரும் கேக்கல, நானும் சொல்லல. மத்தவங்களோட நின்னுக்கிட்டு நானும் அந்த நெத்தியத்தான் பாத்தேன்.

அந்தா வளைவு வந்துருச்சு. இல்லக்கா, பெல் அடிக்காதீங்க. இந்தச் சட்டைய வாங்குனதுலருந்து மூணு தடவ வந்துட்டேன், மூணு தடவையும் மஸ்கெலியா வரைக்கும் போயி அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். இன்னைக்கும் அப்படியே... அய்யோ, என்னக்கா இது, அடிச்சிட்டீங்களே.

நிப்பாட்டிட்டான். கால கொஞ்சம் ஒதுக்குங்க. சட்டையக் குடுத்துட்டுச் சொல்லவாக்கா, இல்ல சொல்லிட்டுக் குடுக்கவா?

ம். சொல்லிட்டுத்தான்.