ஒன்பதாம் பக்கத்துப் பச்சை

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஏழு வண்ணங்களுக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், மண்பழுப்பு, வெள்ளி. கடைக்காரர் இருபத்து நான்கு புட்டிகள் அடங்கிய பெட்டியை எடுத்து நீட்டுவார். நன்றி சொல்லி அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் பாதிக்கு மேல், மற்ற பாதியைக் கலந்தால் தானாக வருகிறவை. மிச்சமாகும் காசுக்கு நல்ல தூரிகை ஒன்று வாங்கலாம். ஒன்று போதும்.

இதையெல்லாம் நீங்கள் என் கையேட்டில் படித்துவிட்டீர்கள். இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் ஆரம்பம்.

எங்கள் மன்றம் டயர்க்கடைக்கு மேலே, மாடி அறையில், ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூடும். மேசைமேல் வைத்து ஆடும் போர் விளையாட்டுகளுக்கான வீரர்கள், பூதங்கள், குதிரைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்தான். வாங்கும்போது சாம்பல் நிறத்தில் மொட்டையாக இருக்கும். உடை, தோல், கண் எல்லாம் நாங்கள்தான் தீட்ட வேண்டும். நான் நிறுவனர், தலைவர். செயலாளர் பதவிக்குத் தகுதியான ஆள் கிடைக்காததால் அதையும் நானே பார்த்துக்கொண்டேன். டயர்க்கடைக்காரர் துணைத் தலைவர். அறை அவருடையது என்பதால் அதைத் தவிர்க்க முடியவில்லை. அவர் தன் வாடிக்கையாளர்களிடம் எங்களைப் 'பொம்மை கிளப்' என்று சொல்வார். சிற்றுருவம் என்று சொல்லுங்கள் என்று பலமுறை திருத்தியிருக்கிறேன். "சரிங்க தலைவரே, சிற்றுருவப் பொம்மை" என்பார்.

என் மனைவிக்கும் இதில் ஈடுபாடு இல்லை. "கட்டைவிரல் அளவு பொம்மைக்குச் சட்டை போட்டுவிட ஒரு தலைவரு, அதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு" என்று தன் அண்ணனிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் நானூற்றுப் பதினொரு புட்டிகள் இருக்கின்றன. தோல் நிறம் மட்டும் பத்தொன்பது. கையேட்டில் ஏழு போதும் என்று எழுதியவனிடம் எதற்கு இத்தனை என்று உங்களுக்குத் தோன்றலாம். கையேடு ஆரம்பநிலையினருக்கானது.

பல்லக்கா போன வருடம் சேர்ந்தார். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. அதனால் வந்த பெயர். முதல் நாளே டயர்க்கடைக்காரர் அப்படிக் கூப்பிட, அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டார். தங்கையோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தார். இரண்டு பேருக்கும் அவர் சம்பளம்தான்.

மற்றவர்கள் என்னிடம் என்ன வாங்குவது என்று கேட்பார்கள். அவர் வேறு மாதிரிக் கேட்டார்.

"சார், கையில கொஞ்சம்தான் இருக்கு. எதையெல்லாம் வாங்காம இருக்கலாம்னு சொல்லுங்க."

இருபது வருடத்தில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அது. அவருக்கு ஏழு வண்ணங்களையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கையொப்பமிட்ட கையேடு ஒன்றும் கொடுத்தேன். தூரிகையின் முனையைக் கூராக்கத் தனிக் கருவி விற்கிறார்களே, வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முனையை உதட்டுக்கு நடுவே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் ஊசிபோல் ஆகிவிடும். பக்கம் பதினொன்று: 'உதடு இலவசம்.' நான் ஈரப்பஞ்சு பயன்படுத்துகிறேன். அது பழக்கம்.

மூன்று மாதத்தில் அவர் ஒரு கிழக் காவல்காரனைத் தீட்டினார். கோட்டைவாசலில் ஈட்டியோடு நிற்கிறவன். விளையாட்டில் அவனுக்கு ஒரு மதிப்பும் கிடையாது, முதல் சுற்றிலேயே செத்துப்போவான். டயர்க்கடைக்காரர் அவனை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, இவன் ராத்திரி முழுக்கத் தூங்கல போலிருக்கே."

"ஆமாங்க, டூட்டி மாத்த வர வேண்டிய ஆள் வரல" என்றார் பல்லக்கா.

கண்ணில் வெள்ளை எங்கே என்று நான் கேட்டேன். விதிப்படி கண்ணுக்கு வெள்ளை வைக்க வேண்டும்.

"வெள்ளைன்னு ஒண்ணு கிடையாது சார். இருபது வருஷமா பல்லு செய்யறேன், இதுவரைக்கும் வெள்ளையா ஒரு பல்லு பாத்ததில்ல. கொஞ்சம் மஞ்ச, ஒரு பொட்டு நீலம், முனையில ஒண்ணுமே இல்லாம விட்டுடணும். அப்பதான் வாய்க்குள்ள உக்காரும்."

அன்று எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் மேசைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் 'நிழலும் ஒளியும்: சில சிந்தனைகள்' என்ற தலைப்பில் நான் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் இருந்தார். அவர் கீழே பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் என்பது பேச்சின் நடுவே, வண்டி தயார் என்று அவரை அழைத்தபோதுதான் தெரிந்தது.

ஆண்டுப் போட்டிக் கோப்பை பன்னிரண்டு வருடங்களாக என் வீட்டு அலமாரியில் இருந்தது. அந்த ஆண்டு நான் சிறகு விரித்த டிராகன் ஒன்று வைத்தேன். ஐம்பத்து மூன்று வண்ணங்கள். பல்லக்கா அந்தக் காவல்காரனை வைத்தார். உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். எனக்கு ஒரு வாக்கு விழுந்தது.

"தலைவரே, உங்க டிராகன் ஜோரா இருக்கு, கண்ணு கூசுது" என்று டயர்க்கடைக்காரர் ஆறுதல் சொன்னார். "ஆனா அந்தக் கிழவன் என்னையே பாக்கிறான். நான் என்ன பண்ணட்டும்?"

கோப்பையை நானே அவர் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு நிமிடம் வாழ்த்திப் பேசினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அலமாரியில் அந்த இடத்தில் மனைவி இஸ்திரிப் பெட்டியை வைத்திருந்தார். "சரியா பொருந்துது பாருங்க" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். எனக்குக் கோப்பை முக்கியமில்லை. ஒரு கலையில் படிகள் இருக்கின்றன. ஆரம்பநிலையினர் ஆரம்பநிலையில் இருக்க வேண்டும். ஏழு வண்ணம் வைத்திருப்பவர் ஐம்பத்து மூன்று வண்ணத்தை வெல்லலாம் என்று ஆகிவிட்டால், அதன்பிறகு யார் எதைக் கற்றுக்கொள்வார்கள்? அவருடைய கை கொஞ்சம் நடுங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம். ஒரு பருவத்துக்கு.

என் அப்பா விளம்பரப் பலகை எழுதுபவர். அவருடைய முதலாளியிடமிருந்து அவருக்கும், அவரிடமிருந்து எனக்கும் வந்த தகர டப்பா ஒன்று பரணில் இருந்தது. உள்ளே பச்சைப் பொடி. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் விடமாட்டார்கள். அப்பா எதற்கும் அதட்டாதவர், அந்த டப்பாவுக்கு மட்டும் அதட்டுவார். "அதைத் தொட்ட கையை வாயில வச்சே, அதோட சரி" என்பார். நல்ல பச்சை. கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பசை கலந்து குழைத்து, ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, என் அச்செழுத்தில் 'பச்சை' என்று எழுதி ஒட்டி, ஞாயிறன்று பல்லக்காவிடம் கொடுத்தேன்.

"கையேட்டுல பச்சை வேணாம்னு போட்டிருக்கீங்களே சார். நீலமும் மஞ்சளும் கலந்தா வந்துடும்னு."

"அது மத்தவங்களுக்கும்மா. நீங்க அடுத்த படிக்கு வந்துட்டீங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வாழ்நாளில் நான் கொடுத்த பரிசுகளிலேயே மிகவும் விரும்பி வாங்கிக்கொள்ளப்பட்டது அதுதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் காட்டுக் காவலர் படை ஒன்றை எடுத்துக்கொண்டார். நாற்பது பேர். நாற்பது பேருக்கும் பச்சை அங்கி. ஒரு மடிப்பு தீட்டுவார், தூரிகையை உதட்டில் வைத்துச் சுற்றுவார், அடுத்த மடிப்புக்குப் போவார். நான் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கம் பதினொன்றை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் வேறு யாரும் இல்லை.

முதலில் வயிறு சரியில்லை என்றார். பிறகு விரல் நுனி மரத்துப்போகிறது என்றார். "பல்லு செதுக்கினா விரலுக்குத் தெரியவே மாட்டேங்குது சார். நேத்து ஒரு பெரியவருக்குச் செஞ்ச கடைவாய்ப் பல்லையே உடைச்சுட்டேன்." வேலைக்கூடத்தில் விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். மருத்துவர் மனஅழுத்தம் என்று சொல்லித் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்.

நான் எதிர்பார்த்தபடி கை நடுங்கியது. ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கவிழ்த்துவைத்து, மணிக்கட்டை அதன்மேல் முட்டுக்கொடுத்து, மூச்சை விடும் நேரத்தில் மட்டும் தீட்டினார். அங்கிகளின் ஓரத்தில் ஒரு நடுக்கம் விழுந்தது. காற்றில் அசைவதுபோல் இருந்தது.

"எப்படிக்கா துணி ஆடுது?" என்று டயர்க்கடைக்காரர் கேட்டார்.

"என் கை ஆடுதுங்க. அதையும் சேத்துக்கிட்டேன்."

நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். நோக்கம் நிறைவேறியிருந்தால் நிறுத்தியிருப்பேன். நிறைவேறவில்லை. அவர் முன்னைவிட நன்றாகத் தீட்டிக்கொண்டிருந்தார்.

படுக்கையில் விழுந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திராட்சை வாங்கிப் போனேன். கட்டிலுக்குக் குறுக்கே பலகை போட்டு அதிலேயே வேலை நடந்துகொண்டிருந்தது. தங்கைதான் கதவைத் திறந்தார். "சொன்னா கேக்கிறாளா பாருங்க சார். சோறு வேணாங்கறா, பெயின்ட் வேணுங்கறா. நீங்க குடுத்த பச்சைன்னா அவளுக்கு உசிரு" என்றார். புட்டி தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது. நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினாறு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, அவர் இறந்தார். இரங்கல் கூட்டத்தை நான்தான் ஏற்பாடு செய்தேன். டயர்க்கடைக்காரர் பேச எழுந்து, பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஆகவே அவருடைய நேரத்தையும் சேர்த்து நானே பேசினேன்.

ஆஸ்பத்திரியில் உடலைச் சோதித்தவர்களுக்கு ஏதோ சந்தேகம் வந்து நீங்கள் விசாரிக்க வந்தபோது, மன்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று உங்களுக்கும் கையேடு கொடுத்தேன். வருகிற எல்லோருக்கும் கொடுப்பதுதான். அடுத்த வாரம் நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தீர்கள். நடுவில் ஒரு சீட்டு செருகியிருந்தது.

"சார், என் பொண்ணு பொம்மை கேட்டுக்கிட்டே இருக்கா. அதான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். ஒன்பதாம் பக்கத்துல, பச்சையைக் காசு கொடுத்தோ சும்மாவோ வாங்காதீர்கள்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. உங்க ஆளுங்க ஒருத்தர்கிட்டயும் பச்சைப் புட்டி இல்ல. அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் குடுத்தீங்க?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயம் வரவில்லை. இருநூறு பிரதி அச்சிட்டேன். இரண்டாவது பக்கத்தைத் தாண்டிப் படித்ததாக இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. பல்லக்காவைத் தவிர. இப்போது நீங்கள்.

விதிவிலக்கு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தெரிந்தே விட்டேன். விதிவிலக்கு உண்டென்றால் ஒன்பதாம் பக்கம் தவறென்று ஆகிவிடும். ஒன்பதாம் பக்கம் தவறில்லை. ஆரம்பநிலையினருக்குப் பச்சை தேவையே இல்லை. அதை நான் அவருக்குக் கொடுத்தது வண்ணம் தீட்ட அல்ல. அவ்வளவுதான் என் பதில். அதை அன்றே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

பிறகு நீங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு சிற்றுருவத்தை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். அவர் கடைசியாகத் தீட்டியது, தங்கை கொடுத்தார் என்றீர்கள். வயதான ஒருவர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் இடுக்கி, ஆட்காட்டி விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். அடிப்பாகத்தில் பொடி எழுத்தில் 'சாருக்கு' என்று இருந்தது. டயர்க்கடைக்காரர் அதைப் பார்த்தவுடனே யாரென்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. நெற்றியில் ஒளி சற்று அதிகம். கண்ணில் வெள்ளை வைக்கவில்லை. அந்த மனிதர் யாரோ தன்னிடம் வந்து ஏதாவது கேட்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. அப்படி ஒரு பார்வையை என் புட்டிகளில் எதைக்கொண்டு கொண்டுவருவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வழக்கு முடிந்ததும் அதை என்னிடம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். நீங்கள் அதை எடுத்து மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி. புட்டி, பொடி, நிரப்பியது, தேதி எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட வேண்டும். மூன்றாவது வரியில் 'பொறாமையால்' என்று இருக்கிறது. அது பொருந்தாது. நான் எதற்காகப் பொறாமைப்பட வேண்டும்? என்னிடம் நானூற்றுப் பதினொரு புட்டிகள் இருக்கின்றன. அவரிடம் இருந்தவை ஏழு.

நான் கொடுத்ததைச் சேர்த்தால், எட்டு.