குறுக்குப் பாதையில் ஒரு செவப்புத் துணி

சர்மிளா: ...இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க. கஞ்சிய இங்கன வச்சிட்டு நான் கெளம்பிர்றேன்.

தரணிதரன்: யாரு வச்சதுன்னு கேட்டா என்ன சொல்றது? குளவி கொட்டி ஆஸ்பத்திரியில கெடக்கேன், கண்ணு ரெண்டும் வீங்கிருச்சு. ஆளு மங்கலாத்தான் தெரியுது.

சர்மிளா: நான்... ரஜிதா. ஞாயித்துக்கெழம நீங்க பொண்ணு பார்க்க வந்தீங்களே சர்மிளா, அவ கூட்டாளி. அவதான் குடுத்துவுட்டா.

தரணிதரன்: பொண்ணு பார்க்க எங்க வந்தேன்... பாதி வழியிலேயே குளவி என்னையப் பார்த்துருச்சே.

சர்மிளா: சிரிக்காதீங்க, ஒதடு வலிக்கும்.

தரணிதரன்: நீங்களும்தான் சிரிக்கிறீங்க.

சர்மிளா: மொகத்தப் பார்த்தா வருது, என்ன செய்ய? ஆமா, தேயில மலைக்குள்ள எறங்குற ஆளு அம்புட்டு சென்ட்டா அடிச்சிக்கிட்டு வர்றது? நீங்களும் தோட்டத்துல பொறந்தவருதானே?

தரணிதரன்: பொறந்தது வளந்தது எல்லாம் ராகலப் பக்கந்தான். எட்டு வருசமா கொழும்புல கடையில நிக்கிறேன்ல... மறந்துபோச்சு.

சர்மிளா: மறக்குற விசயமா அது? குளவிக்கு வாசமும் ஆகாது, சத்தமும் ஆகாது. கூடு இருக்குற மலைக்குப் போனா நாங்க பூ வைக்க மாட்டோம், பவுடர் போட மாட்டோம். பேரு சொல்லிக்கூட கூப்புட மாட்டோம்.

தரணிதரன்: அப்புறம் எப்படிக் கூப்புடுவீங்க?

சர்மிளா: ரெண்டு கொழுந்தக் கிள்ளி முதுகுல எறிவோம்.

தரணிதரன்: குளவிக்கு அம்புட்டு மரியாதையா?

சர்மிளா: பின்ன? மலையில வேல வாங்குற கண்டாக்கு ஐயாவுக்குக்கூட அதுல பாதிதான்... கூட வந்த ஒங்க மாமாவுக்கு எப்படி இருக்கு?

தரணிதரன்: அவருக்கென்ன, ஓடிப்போய் தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கிட்டாரு. மூக்குல ஒண்ணே ஒண்ணு. வாய்தான் இன்னும் அடங்கல. சகுனம் சரியில்லையாம், பொண்ணுக்கு ராசியில்லையாம்.

சர்மிளா: நாங்க குடியிருக்குற லயத்துலயும் அதேதான் பேசிக்கிறாங்க. அந்தப் பொண்ணப் பார்க்க வந்தா குளவி கொட்டுமாம்.

தரணிதரன்: எனக்கு முன்னால எத்தன மாப்பிள்ளைய கொட்டுச்சு?

சர்மிளா: வெளையாடாதீங்க. பாவம், அவ பீலிக்கரைக்கு தண்ணி எடுக்கக்கூட போக முடியல.

தரணிதரன்: மாமாவ நல்லாக் கேட்டு வுட்டுட்டேன். சென்ட் அடிச்சவன் நான், அதுக்கு ஏன் அந்தப் பொண்ணு ராசிய இழுக்குறீங்கன்னு.

சர்மிளா: ...நெசமாவா கேட்டீங்க?

தரணிதரன்: கேட்டேன். அது கெடக்கட்டும்... எனக்கு ஒண்ணு தெரியணும். நான் கீழ வுழுந்து கெடந்தப்ப யாரோ ஓடிவந்து என்னையப் படங்கால மூடி, மேலயே படுத்துக்கிட்டாங்க. கொழுந்து எடுக்கப் போறப்ப இடுப்புல கட்டுற படங்கு. அந்தத் தேயிலக் கற வாசம் இன்னும் மூக்குலயே இருக்கு. இல்லாட்டி நான் இன்னிக்கி கஞ்சி குடிக்க இருந்திருக்க மாட்டேன். யாருங்க அது?

சர்மிளா: யாரோ... நெறையப் பேருதான் ஓடிவந்தாங்க.

தரணிதரன்: நீங்க ஏன் இடது கைய சால்வைக்குள்ளேர்ந்து வெளியிலயே எடுக்க மாட்டேங்கிறீங்க?

சர்மிளா: இதுவா? கட்டெறும்பு கடிச்சிருச்சு.

தரணிதரன்: கட்டெறும்பு கடிச்சா முழங்கை வரைக்குமா வீங்கும்? மங்கலாப் பார்க்குற எனக்கே சால்வைக்கு மேல தெரியுதே.

சர்மிளா: எங்க தோட்டத்துக் கட்டெறும்பு அப்படித்தான்.

தரணிதரன்: சரி... நம்பிட்டேன்.

சர்மிளா: அத வுடுங்க. நான் வந்தது வேற விசயத்துக்கு. சர்மிளா... ஒரு தப்பு செஞ்சிட்டா.

தரணிதரன்: சொல்லுங்க.

சர்மிளா: ரோட்டுலேர்ந்து எங்க லயத்துக்கு ஒரு குறுக்குப் பாத எறங்குதுல்ல? அங்கன செவப்புத் துணி ஒண்ணு கட்டியிருந்துச்சு, பார்த்தீங்களா?

தரணிதரன்: பார்த்தோமே. இங்கன குளவிக்கூடு இருக்கு, வராதன்னு அடையாளம். எங்க பக்கமும் அப்படித்தான் கட்டுவாங்க. அதனாலதான் மாமாவும் நானும் சுத்துப் பாதையில போனோம்.

சர்மிளா: அங்கன கூடே இல்ல. அவதான் கட்டுனா.

தரணிதரன்: எதுக்காம்?

சர்மிளா: துணியப் பார்த்துட்டு நீங்க திரும்பிப் போயிருவீங்கன்னு நெனச்சா. சுத்துப் பாதையில நெசமாவே கூடு இருக்குன்னு அவளுக்கு சத்தியமா தெரியாது. யாருக்குமே தெரியாது. அது புதுசா வந்து எறங்குன கூடு. தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தா அப்படிச் செஞ்சிருப்பாளா?

தரணிதரன்: அழாதீங்க ரஜிதா.

சர்மிளா: நான் ஒண்ணும் அழல.

தரணிதரன்: என்னைய அம்புட்டுப் புடிக்கலையாமா?

சர்மிளா: ஒங்களப் பார்த்தாத்தானே புடிக்குது புடிக்கலன்னு சொல்ல! கல்யாணம் முடிஞ்ச கையோட கொழும்புக்குப் போயிரணும்னு பெரியவங்களா முடிவு பண்ணிட்டாங்க. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. குளவி, அட்ட, சிறுத்த ஒண்ணும் இல்லாத எடம், ஒனக்கென்னடி கொறன்னு அதட்டுறாங்க. இதுங்களோட எப்படிப் பொழைக்கிறதுன்னு அவளுக்குத் தெரியும். போன மாசம் சிறுத்த வந்து நாயத் தூக்கிட்டுப் போச்சு, மறுநா அதே மலையிலதான் கொழுந்து எடுத்தா. கொழும்புன்னாத்தான் அவளுக்கு பயம்.

தரணிதரன்: எனக்கும் அங்க இருப்புக் கொள்ளலங்க. ராகலையில அப்பா மரக்கறி போட்ட நெலம் சும்மா கெடக்கு. தைப் பொங்கலோட கடைய வுட்டுட்டு வந்துர்றேன்னு மொதலாளிகிட்டயே சொல்லிட்டேன்.

சர்மிளா: அப்ப ஏன் எங்க வீட்டுல... சர்மிளா வீட்டுல சொல்லல?

தரணிதரன்: மாமாதான் வாய அடைச்சிட்டாரு. கொழும்பு மாப்பிள்ளன்னாத்தான் மதிப்பு, பேசாம இருன்னாரு.

சர்மிளா: நல்ல மாமா... இது தெரிஞ்சிருந்தா எதுக்கு இத்தன ஆக்கினை?

தரணிதரன்: பொண்ணு வாயத் தொறந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

சர்மிளா: பார்க்க வர்றவங்க நேரம் முடிஞ்சு மணி அடிச்சிட்டாங்க. நர்ஸ் மிஸ்ஸி வேற மொறைக்கிறாங்க. நான் வர்றேன்.

தரணிதரன்: கஞ்சி குடுத்தவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?

சர்மிளா: என்ன சொல்லணும்? அவ... நேத்தே அந்தத் துணிய அவுத்துட்டா. அதையும் ஒங்ககிட்ட சொல்லச் சொன்னா.

தரணிதரன்: அப்ப அவங்களுக்கும் ஒரு சேதி இருக்கு. அன்னிக்கி பஸ்ஸு நேரத்தோடயே வந்துருச்சு. மாமா கடையில வெத்தல வாங்கிக்கிட்டு நின்னாரு, நான் ரோட்டோரமா நின்னு கீழ பார்த்துக்கிட்டு இருந்தேன். போட்டோவுல பார்த்த அதே மொகம். நீங்க துணி கட்டுனத மொத முடிச்சுலேர்ந்து பார்த்தேன், சர்மிளா. வேணாம்னு வாய்விட்டுச் சொல்ல முடியாம ஒரு பொண்ணு துணி கட்டி வைக்குது, அதத் தாண்டி வந்து ஒங்க வீட்டுப் பலகாரத்த நான் எப்படித் திங்கிறது? அதான் கூடு இருக்கு மாமா, திரும்பிருவோம்னு நானும் சேர்ந்து பொய் சொன்னேன். அவருதான் கேக்காம சுத்துப் பாதையில இழுத்துட்டுப் போனாரு. இப்ப நீங்களே அவுத்துட்டதா சொல்றீங்க... கண்ணு தொறக்கட்டும், அந்தக் குறுக்குப் பாதையிலேயே வர்றேன்.