புதன்கிழமை ஊதாத சங்கு

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், தண்ணீர் போதும். இந்த எஸ்டேட் ஆபீசில் நான் போட்ட டீ கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், முதலில் பட்டம் வாங்கியவள் நான், கணினியில். மழைமானியை ஒரு லினக்ஸ் கணினியோடு இணைத்து, மழை அளவு மீறினால் ஆலைச் சங்கு தானாக மூன்று முறை ஊதும்படி செய்தேன். கையால் இழுக்கும் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். கீழ் லயம் மண்சரிவில் போய்விடக் கூடாது, அதற்குத்தான் எல்லாம். எங்கள் ஆட்கள் நான்கு தலைமுறையாகச் சங்குச் சத்தத்தில் வேலைக்குப் போய், சங்குச் சத்தத்தில் திரும்பியவர்கள். வானத்தை நம்ப மாட்டார்கள், சங்கை நம்புவார்கள்.

சங்கை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு எங்கள் கருவிக்கு ஒத்துவராது. அதனால் அதை மட்டும் அப்டேட் ஆகாதபடி பூட்டி வைத்திருந்தேன். பழைய பதிப்பின் நகல் என் பென்டிரைவில் இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி குணாளன் மேனேஜர் முன்னால் சொன்னார்: "அப்டேட் அமுக்க ஒரு டிகிரியா? நானே அமுக்குவேன்லா. நீ போயி டீ போடு."

பூட்டை எடுத்துவிட்டு டீ போடப் போனேன்.

திரையில் வந்த எச்சரிக்கையை அவர் படிக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது, சங்கு இயங்காது என்று சிவப்பாக ஒரு வரி நின்றது. பழைய பதிப்பைத் திரும்பப் போட நான்கு நிமிடம். ஆனால் வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் சங்குச் சோதனை. அன்று அவர் முழிக்க வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

மழை புதன்கிழமையே வந்துவிட்டது. மதியம் இரண்டு பத்துக்கு அளவு மீறியது. என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் திரைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கீழ் லயத்திலிருந்து வேலாயி அக்கா போன் செய்தார்.

"சுபத்ரா, கான் வாய்க்கால்ல தண்ணி மண்ணு கலந்து செகப்பா வருதும்மா. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மேல வந்துரவா?"

"சங்கு ஊதுனா வாங்கக்கா."

லயக் கூட்டத்தில் நானே சொல்லிக்கொடுத்த விதி அது.

கிராணி நனைந்துகொண்டு ஓடி வந்தார். "ஏம்மா ஊதல? ஏதாச்சும் செய்யி."

"அமுக்குனது நீங்கதானே. இன்னொரு தடவ அமுக்குங்க."

கொஞ்ச நேரம் அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது மணி இரண்டு முப்பத்தொன்று. பென்டிரைவைச் செருகினேன்.

இரண்டு இருபத்தெட்டுக்கே மண் இறங்கிவிட்டது என்கிறீர்கள். வேலாயி அக்காவும் இரண்டு பிள்ளைகளும்.

கணினிப் பதிவைப் பாருங்கள், சார். அமுக்கியது கிராணி. சரிசெய்தது நான். இரண்டு முப்பத்தைந்துக்குச் சங்கு ஊதியது, மூன்று முறையும் தெளிவாக.