நாலாவது தடவை ஓட்டு

தள்ளி உக்காருங்க தம்பி, மூட்டைய மிதிச்சிராதீங்க. ஆமா, இந்த பஸ்ஸு போற பாகோ பாகோ டவுனுக்குத்தான் நானும், ஓட்டுப் போட. எதுக்கா? கடல் தாண்டிப் பத்திரிகைக்கு எழுத வந்திருக்கீங்க, அதுகூடத் தெரியாதா? கவர்னர நாங்களே தேர்ந்தெடுக்கலாமா, இல்ல இப்ப மாதிரியே வாஷிங்டன்காரன் அனுப்புறவனுக்கே மாலை போடலாமான்னு கேக்குறாங்க. மூணு தடவை கேட்டாச்சு. மூணு தடவையும் எங்காளுங்க வேண்டாம்னுட்டாங்க. சிரிக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது.

ஏன்னு கேக்குறீங்களா? எங்க சமோவாத் தீவுல குடும்பத்துக்கு ஒரு தலைவன். நெலம், வீடு எல்லாம் அவன் கையில. அவன் சொன்ன பக்கமே குடும்பம் மொத்தமும் குத்தும். எங்க தலைவன் என் கூடப்பொறந்த அண்ணன் வைமாகாதான். நம்மாளு ஒருத்தன் கவர்னரா உக்காந்தா அடுத்த குடும்பம் பொறாமையிலயே சாகும், வெள்ளைக்காரன்னா எல்லாருக்கும் பொதுன்னு வேதம் ஓதுவான். பொதுவாம், த்தூ! பக்கத்து வீட்டுக்காரன் நல்லா இருந்துரக் கூடாதுன்னு வழிப்போக்கன்கிட்ட வீட்டுச் சாவியக் குடுத்த புத்திசாலிங்க.

வந்தவனுங்க லட்சணம் எனக்குத் தெரியாதா? குன்னு மேல கவர்னர் வீட்டுல துணி வெளுக்குறவ நான். ஒருத்தன் பெட்டியப் பிரிக்கிறதுக்குள்ள அடுத்தவன் வந்து எறங்குவான். எங்க ஊர்ப் பேரு ஒண்ணுகூட வாயில நொழையாது. எங்க பெருசுங்க அவனுக்குப் பன்னி சுட்டு எடுத்துட்டுப் போய்க் குனிஞ்சு நிப்பாங்க.

நான் மாத்திக் குத்தப் போறது அண்ணனுக்குத் தெரிஞ்சாலா? ஓட்டுச்சாவடி வாசல்லயேதான் நிப்பான், யாரு மொகம் எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டு. வீட்ட விட்டுப் போடின்னாலும் சொல்லுவான். சொல்லட்டுமே.

மூட்டையா? பாய்தான். படுக்குற பாயில்ல தம்பி. தாழை ஓலைய நூலு மாதிரி கிழிச்சு எங்கம்மா வருஷக்கணக்கா பின்னினது, ஓரத்துல செவப்பு எறகு வச்சு. அவ கண்ணு போனதே இதுலதான். எங்க சனத்துக்கு இதவிடப் பெரிய சொத்து கெடையாது. இப்ப இருக்குற கவர்னர் வந்தப்போ அண்ணன் இத ரெண்டு கையாலயும் தூக்கிக் குடுத்தான். போன வாரம் அழுக்குத்துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போறேன், அந்த வீட்டு நாயி இதுமேல குட்டி போட்டுருக்கு.

யாரையும் கேக்கல. சுருட்டி எடுத்துட்டு வந்துட்டேன். இன்னிக்கு அண்ணன் காலடியில விரிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள போயி ஓட்டுப் போடுவேன்.

நாத்தமா? அடிக்கும். கவர்னர் வீட்டுத் துணியெல்லாம் வெளுத்துக் குடுத்தேன். இத மட்டும் வெளுக்கல.